வால்வைக் கீழே போட்ட கை

என் மனைவிக்குக் கோபம் மூக்கு நுனியில். அவள் பாய்லர் இன்ஜினியர். சங்கத்தில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவளை 'பாய்லர்' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அப்படிச் சொன்ன ஒருவனுக்கு நான் பல் கட்டியதாக ஒரு கதை உலவுகிறது. அது சுத்தப் பொய். நான் பல் டாக்டர் என்பதால் யாரோ திரித்த கதை. நிஜமாக அவள் கை நீட்டியது ஒரே ஒரு தடவை, அதுவும் சொந்தத் தம்பி மேல்.

இன்ஜினியர்கள் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நடத்தை விதிகளைச் சொல்லிக்கொடுப்பது அவள் பொறுப்பு. உறுப்பினர் மேல் புகார் வந்தால் விசாரிக்கும் குழுவுக்கும் அவளே தலைவி. மற்றவர்கள் விதிகளை வாசித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவள் வெடித்துப்போன பாய்லரின் கிழிந்த தகடு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் போடுவாள். "இது கிழிஞ்சப்போ பக்கத்துல ரெண்டு பேர் நின்னாங்க. எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவர் வீட்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். பாக்காதத பாத்தேன்னு எழுதாதீங்க. அவ்வளவுதான் பாடம், கெளம்புங்க" என்பாள். அந்த வகுப்பில் ஒரு வருடம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவன் அவள் தம்பி. அப்பா போன பிறகு அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியது அவள்தான். அவனும் பாய்லர் இன்ஜினியர் ஆனதில் அவளுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் பாய்லர் வெடித்தது பட்டப்பகலில். சங்கத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள், நான் காரில் கூட்டிப் போனேன். ஒரு பக்கச் சுவரே இல்லை. பாய்லர் உடம்பு பிய்த்துக்கொண்டு போய், போர்வை மடிக்கும் அறையில் நின்றவர்கள் மேல் விழுந்திருந்தது. நான்கு பெண்கள். இஸ்திரி இயந்திரத்துக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் தெரிந்தது. நீராவியில் வெந்த ஒருவரின் சட்டையைக் கழற்றப் போனவர், சட்டையோடு தோலும் வருவதைப் பார்த்து அங்கேயே வாந்தி எடுத்தார். என்னை யாரோ "டாக்டர், வாங்க" என்று இழுத்தார்கள். பல் டாக்டர் என்று சொல்லும் நேரமா அது? போனேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த பாய்லரைப் போன மாதம்தான் சோதித்துச் சான்று கொடுத்திருந்தான் மச்சினன். அவனும் அங்கே நின்று போலீஸ்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான். "ஆபரேட்டர் பண்ண வேலை சார். வால்வு சத்தம் போடுதுன்னு இறுக்கி வச்சிருக்கான்" என்றான். பாய்லர் ஆபரேட்டர் பத்தடி தள்ளி, அந்தக் கூடத்தில் வெளுத்த போர்வைக்கு அடியிலேயே படுத்திருந்தார். செத்தவர் மறுத்துப் பேச வரமாட்டார் அல்லவா.

என் மனைவி இடிபாடுகளைக் கிளறி அந்த வால்வை எடுத்துவிட்டாள். அழுத்தம் அளவு மீறினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விடவேண்டிய வால்வு. சோதனையின்போது அதைக் கழற்றி, உள்ளே படிந்த உப்பைச் சுரண்டி, திரும்ப மாட்ட வேண்டும். அதன் மூடி மேலும் போல்ட்டுகள் மேலும் பல வருடத்துப் பெயின்ட் கீறல்கூட இல்லாமல் ஒட்டியிருந்தது. ஆபரேட்டர் அதை இறுக்கவுமில்லை, என் மச்சினன் அதைக் கழற்றவுமில்லை.

அவனிடம் போய் நீட்டினாள். "இதக் கழட்டிப் பாத்தியாடா?"

"பாத்தேன்க்கா."

வால்வைக் கீழே போட்டாள். போட்ட கையாலேயே அவன் வாயில் குத்தினாள். முன்பல் இரண்டு தெறித்தன. அவன் தலைமுடியைப் பிடித்து அங்கிருந்த குழாயில் மோதினாள், மறுபடியும் மோதினாள். நானும் இரண்டு தீயணைப்பு வீரர்களும் சேர்ந்து பிய்த்தெடுத்தோம். எல்லோரும் மூச்சு வாங்கி நின்றபோது தரையில் வால்வு இல்லை. சுற்றி நின்றவர்கள் சலவைக்கூட முதலாளியின் ஆட்கள். யாரும் எதையும் பார்க்கவில்லையாம்.

காரில் உட்கார்ந்து அழுதாள். "கையில இருந்துச்சுங்க. என் கையிலயே இருந்துச்சு."

மச்சினனின் அறிக்கைதான் நின்றது. தப்பு முழுவதையும் ஆபரேட்டர் தலையில் கட்டியாகிவிட்டது. இறந்த பெண்களின் வீட்டார் அதை நம்பினார்கள், நம்பாமல் என்ன செய்வார்கள்? ஆபரேட்டர் வீட்டு ஜன்னல்களை உடைத்து, கதவுக்குத் தீ வைத்தார்கள். ஒரு கல் அவர் மனைவியின் நெற்றியைப் பிளந்தது. என் மனைவி அந்தம்மாவைப் போய்ப் பார்த்தாள். வந்ததும் தம்பி மேல் சங்கத்தில் புகார் கொடுத்தாள். சொந்தத் தம்பி விவகாரம் என்பதால் குழுவின் தலைமையிலிருந்து அவளே விலகிக்கொண்டாள். அந்த நாற்காலியில் செயலாளர் உட்கார்ந்தார். எதையும் பூசி மெழுகத் தெரிந்த மனிதர்.

விசாரணை சங்கத்தின் கூட்ட அறையில். கடைசி நாற்காலியில், நெற்றித் தையலைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு ஆபரேட்டரின் மனைவி. பல் போன விஷயம் ஊரெல்லாம் பரவியிருந்ததால் செயலாளர் அதையே முதலில் கேட்டார்.

"தண்ணில வழுக்கி விழுந்தேன் சார்" என்றான் மச்சினன். "அக்கா என்னை அடிக்கல. அவங்க கையில வால்வும் கெடையாது."

செயலாளர் முகம் மலர்ந்துவிட்டது. அடியும் இல்லை, வால்வும் இல்லை, வீட்டுக்குப் போகலாம். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. என்ன இருந்தாலும் அக்காவை விட்டுக்கொடுக்கவில்லையே.

அவள் எழுந்தாள். "பொய் சொல்றான். நான்தான் அடிச்சேன். வால்வக் கீழ போட்டுட்டு அடிச்சேன், அதனாலதான் அது காணாமப் போச்சு. உறுப்பினர் மேல கை வச்சா ஒரு வருஷம் தள்ளி வைக்கணும்னு விதி இருக்கு, நான் எழுதின விதி. மொதல்ல எனக்குப் போடுங்க." வலது கையை மேஜை மேல் வைத்தாள். விரல் முட்டியில் தழும்பு இருந்தது. "ஏங்க, இது என்னன்னு நீங்களே சொல்லுங்க."

"பல் கிழிச்ச காயம்" என்றேன். "மருந்து போட்டது நான்தான்."

மச்சினன் அவளைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "உன்னக் காப்பாத்தத்தானேக்கா சொன்னேன்."

"என்னக் காப்பாத்துறேன்னு அந்த வால்வ முழுங்கப் பாத்த."

ஒரே எட்டில் வந்து அறைந்தான். நாற்காலியோடு அவள் சாய்ந்தாள். உதடு கிழிந்து வெள்ளை மேஜை விரிப்பில் ரத்தம் தெறித்தது. நான் அவன் சட்டையைப் பிடித்தேன். என் வாழ்நாளில் ஒருவனைக் கொல்ல வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான். செயலாளர் பதறிப்போய், "குடும்ப விஷயம், இதெல்லாம் எழுத வேண்டாம். அம்மா தடுக்கி விழுந்துட்டாங்க, அவ்வளவுதான்" என்றார்.

"எழுதுங்க" என்றாள் தரையிலிருந்து. "தடுக்கி விழுந்தேன்னு மட்டும் எழுதாதீங்க."

ஆபரேட்டரின் மனைவி முன்னால் வந்து, தலைப்பை இழுத்து என் மனைவியின் வாயில் அழுத்திப் பிடித்தார். நெற்றி வெளியே தெரிந்தது. புருவத்திலிருந்து முடி வரைக்கும் தையல். மச்சினன் அவரை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நெத்தியில என்னம்மா?" என்றான். கேட்டிருக்கவே வேண்டாம்.

"கல்லு. நீங்க எழுதினத நம்புனவங்க போட்டது" என்றார் நிமிராமலே.

என் பிடியில் அவன் தொய்ந்தான். செயலாளர் பக்கம் திரும்பினான். "எழுதிக்குங்க சார். நான்தான் அடிச்சேன். அக்கா கையில வால்வு இருந்துச்சு. அத நான் கழட்டவே இல்ல. அன்னைக்கு எனக்கு இன்னும் மூணு எடம் போக வேண்டியிருந்துச்சு. வெளியிலயே பாத்துட்டு எழுதிட்டேன். ஆபரேட்டர் மேல தப்பு இல்ல."

அக்காவை ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். தம்பியின் உரிமத்தைப் பறித்தார்கள், வழக்கும் வரும் என்றார்கள். எல்லாம் எழுதி முடிந்து எழுந்தபோது ஆபரேட்டரின் மனைவி மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

"நீங்க இங்க எழுதிட்டீங்க. எங்க தெருவுல யாரு சொல்லுவாங்க?"

செயலாளர் சுற்றறிக்கை அனுப்புவதாகச் சொன்னார். மச்சினன், "நான் வர்றேன்" என்றான்.

அப்படியே காரில் ஏறினோம். இறந்த நான்கு பெண்களில் ஒருத்தியின் வீட்டுக்கு முதலில் போனோம். ஆபரேட்டரின் மனைவி காரிலேயே இருந்தார். கதவைத் திறந்த புருஷன், மச்சினன் சொல்லச் சொல்ல அசையாமல் கேட்டான். முடிந்ததும் கதவுத் தாழ்ப்பாள் கட்டையை உருவி அடிக்க ஆரம்பித்தான். தோளில், முதுகில், விழுந்த பிறகு விலாவில். நான் தடுக்கப் போனேன், என்னைத் தள்ளிவிட்டான். என் மனைவி தம்பி மேல் கவிழ்ந்து படுத்து இரண்டு அடி வாங்கினாள். கையை ஓங்கவில்லை. அவன் கட்டையைப் போட்டுவிட்டு மூச்சு வாங்கி நின்றபோது, எழுந்து தம்பியைத் தூக்கி நிறுத்தி, அடுத்த வீட்டுக்கு வழி எது என்று அடித்தவனிடமே கேட்டாள்.

அவன் காருக்குள் இருந்த ஆபரேட்டரின் மனைவியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, எங்களுக்கு முன்னால் நடந்தான்.