அண்ணன் ஏற்றுக்கொண்ட பழி

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கு வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னவர் அண்ணியார். எதை எழுதுவது, எதை விடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அண்ணன் பிறந்தது கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, நாங்கள் இப்போதும் இருக்கும் இதே தோட்டத்து வீட்டில். அவர் பத்தாம் வகுப்பு படிக்கையில் அப்பா காலமானார். அன்றோடு படிப்பை விட்டு மாடுகளைப் பார்த்துக்கொண்டார். அக்காவையும் என்னையும் கரையேற்றியவர் அவர்தான்.

எதையும் சோதித்துத்தான் வாங்குவார். தீவனப் புல்லுக்கு மருந்தடிக்க டேங்க் வாங்கப் போனபோது, கடைக்காரர் பேட்டரியில் ஓடுவதை எடுத்து வைத்தார். அண்ணன் கைப்பம்பு வைத்ததைக் கேட்டு, தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டி, கடை வாசலிலேயே நாலு நடை நடந்தார். பட்டை தோளை அறுக்கிறதா, மூடி ஒழுகுகிறதா, வாஷர் நம் ஊரில் கிடைக்குமா என்று பார்த்த பிறகே வாங்கினார். மருந்தடித்து முடித்தால் மூன்று தடவை கழுவி, மருந்து பீய்ச்சும் நாசிலைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கவிழ்த்து வைப்பார்.

ஒரு கார்த்திகையில் பக்கத்துத் தோட்டத்து மாமா, புல்லுக்கு யூரியா கரைத்து அடிக்க அந்த டேங்க்கை அண்ணனிடம் இரவல் வாங்கிப் போனார். ஒரு வாரத்தில் அவருடைய புல் திட்டுத் திட்டாகக் கருகிவிட்டது. அவர் வாங்கிப் போனதற்கு முந்தின நாள் எங்கள் வரப்பில் களைக்கொல்லி அடித்தவன் நான். கழுவினேனா? கழுவியது போலவும் இருக்கிறது. மழை வந்ததென்று அப்படியே போட்டுவிட்டு ஓடியது போலவும் இருக்கிறது.

"ஏப்பா மாப்ள, புல்லெல்லாம் வெந்து கெடக்குது. டேங்க்ல என்ன இருந்துச்சு?" என்று மாமா வந்து நின்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "எம்மேலதானுங்க மாமா தப்பு. கழுவாமக் குடுத்துப்போட்டேன். உங்க புல்லு தழையற வரைக்கும் எங்க காட்டுலயே அறுத்துக்கங்க" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அடுத்த வாரமே களைக்கொல்லிக்கென்று தனியாக இன்னொரு டேங்க் வாங்கிச் சிவப்புப் பெயிண்ட் பூசினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்து மறைத்தாரா, தன் தவறென்றே நம்பினாரா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

கடைசி நாட்களில், பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் கேட்டே விட்டேன். "ஏனுங்கண்ணா, அன்னிக்கு டேங்க்கைக் கழுவாம வெச்சது நானுங்களா?"

"நீ கழுவுனயா இல்லயான்னு எனக்குத் தெரியாது தம்பி. மூடியத் தெறந்து பாக்காமக் குடுத்தவன் நான்தான?" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அது பதிலா ஆறுதலா என்று இன்றும் விளங்கவில்லை.

அண்ணனைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்கத்தில் உடனிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் எங்கள் மாடுகளுக்குப் புல் அறுத்துப் போட்டு, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றியவர் அந்த மாமாதான். மாமா, நீங்கள் வாங்கிப் போகும் முன் அந்த டேங்க்கில் கடைசியாகக் களைக்கொல்லி அடித்தவன் நான் என்று உங்களிடம் சொல்வது இதுவே முதல் தடவை. கோபம் வந்தாலும், இன்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் நீங்கள் போக வேண்டும்.