வராதவனின் அப்பா ஷன்ஷல்

பாக்தாத்தில் மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அப்பனைக் கூப்பிடுவோம். பிள்ளை இல்லாதவரையும் சும்மா விடமாட்டோம். 'அபூ காயிப்' என்போம். இன்னும் வராதவனின் அப்பா. மரியாதைக்குத்தான் சொல்கிறோம். இருபத்தாறு வருஷமாக அந்த மரியாதையைக் கேட்டுக் கேட்டு பத்ரியாவுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அவள் புருஷன் ஷன்ஷல், குடிநீர்ப் பம்புகளைப் பழுதுபார்க்க வந்த வெளிநாட்டு நிவாரண அலுவலகத்தில் வாசல் காவலர். அமெரிக்கப் பட்டாளம் ஊருக்குள் வந்த வருஷம் அது. வாசலில் பட்டாளமும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஷன்ஷலிடம் இருந்தது ஒரு விசிலும் வாயும்தான். வாய் கொஞ்சம் நீளம். தினமும் காலையில் தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே வரும். "தெருவைக் கழுவவாடா உன்னை வரச் சொன்னாங்க?" என்று டிரைவரைச் சீண்டாமல் கேட்டைத் திறக்கமாட்டார்.

அன்று எட்டரை மணிக்கு அதே மாதிரி ஒரு லாரி வந்தது. டிரைவர் புதியவன். லாரிக்குப் பின்னால் ரோடு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் காய்ந்து கிடந்தது. ஷன்ஷல் மூன்று முறை விசில் ஊதினார். உள்ளே இருப்பவர்கள் பின்வாசல் வழியாக ஓட வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். டிரைவரிடம், "சாவி உள்ள இருக்கு தம்பி, கூப்பிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சாவி இருந்த சட்டைப்பையைத் தடவிக்கொண்டே, வாசலில் தடுப்புக்கு வைத்திருந்த மணல் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் நின்றார். அப்படி ஒரு நிமிஷம் அவனைத் தாமதப்படுத்தியிருப்பார். லாரி வெடித்தது.

எதிர்க்கடை ரொட்டிக்காரரும் தெருவில் போன ஒரு பெண்ணும் செத்துப்போனார்கள். தண்ணீர் கொடுக்க வந்தவர்களைக் கொன்று எதைச் சாதிக்கப் பார்த்தார்களோ, பாவிகள்! உள்ளே இருந்த பதினோரு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஷன்ஷலுக்குத் தொடை கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் தட்டுப்பாடு. வெளியே தரகர்கள் ரத்தத்தை விற்க ஆரம்பித்ததால், நோயாளியின் சொந்தக்காரர் ரத்தம் கொடுத்தால் மட்டும் அதற்கு ஈடாகக் கொடுப்பது என்று சட்டம் போட்டிருந்தார்கள்.

"ஆறு பாட்டில் வேணும்மா. பிள்ளைங்களை வரச் சொல்லுங்க" என்றார் ரத்த வங்கிக் குமாஸ்தா பத்ரியாவிடம், தலையை நிமிர்த்தாமல்.

"பிள்ளைங்க இல்ல. என் ரத்தத்தை எடுத்துக்குங்க."

"உங்க ஒருத்தர் ரத்தம் எப்படிம்மா பத்தும்?"

பத்ரியாவுக்கு அழுகை முட்டியது. புருஷனைக் காப்பாற்ற ஒரு மகனில்லாமல் போய்விட்டதே என்று தன் வயிற்றையே நொந்துகொண்டாள். அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"யாரு சொன்னா இல்லன்னு? நான் மகள். எழுதிக்கோ."

அலுவலகச் சமையல்காரி சப்ரியா. முகமெல்லாம் சுண்ணாம்புத் தூசி. வயதில் ஷன்ஷலுக்கு அக்கா மாதிரி இருப்பாள். அவளுக்குப் பின்னால் அலுவலகத்து மற்ற பத்துப் பேர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மார்த்தா என்ற வெளிநாட்டு நர்ஸ். அவளும் அரைகுறை அரபியில் "மகள்" என்றாள்.

குமாஸ்தா இப்போதுதான் நிமிர்ந்தார். சப்ரியாவின் நரைமுடியைப் பார்த்தார், மார்த்தாவின் செம்பட்டை முடியைப் பார்த்தார்.

"நோயாளி பேரு என்னம்மா?"

"அபூ காயிப்னு கூப்பிடுவாங்க."

"வராதவனோட அப்பாவா? நல்லா வச்சாங்க பேரு!" என்று சொல்லிவிட்டு, பதினோரு பேரையும் மகன், மகள் என்று வரிசையாக எழுதிக்கொண்டார். அந்த மனுஷன் கைக்குப் பத்ரியா இன்றைக்கும் நன்றி சொல்கிறாள்.

சாயங்காலம் ஷன்ஷல் கண் விழித்தார். "உள்ள யாருக்காவது…?"

"ஒண்ணும் ஆகலீங்க, அல்லாவுக்கு நன்றி. உங்க பிள்ளைங்க பதினோரு பேரும் கையில பஞ்சை ஒட்டிக்கிட்டு வெளிய நிக்கிறாங்க."

அவருக்குப் புரிய நேரமானது. பிறகு அந்த நிலைமையிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பதினொண்ணா? எனக்குத் தெரியாம எப்படி பத்ரியா பெத்தே?"

"நான் எங்க பெத்தேன்?" என்று அவள் அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்கதான் பெத்தீங்க. காலைல எட்டரை மணிக்கு, கேட்டுல நின்னு."