ராணுவப் பதிவேட்டில் ஒரு பெயர்

“நீயா எழுதப்போற? தப்பாச்சுன்னா எம் பொண்டாட்டிக்கு பென்ஷன் வராது பாப்பா.”

நான் வேலை பார்க்கும் உத்திரமேரூர் இ-சேவை மையத்துக்கு வந்த முன்னாள் ராணுவ வீரர் இப்படித்தான் ஆரம்பித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். “எழுதுவேன், உட்காருங்க,” என்றேன். உட்காரவில்லை. இடது காதில் பாதி இல்லை. ராணுவ எண்ணை மூச்சுவிடாமல் சொன்னவருக்குக் கல்யாணத் தேதி தெரியவில்லை. போரைப் பற்றிக் கேட்டேன்.

“அதெல்லாம் பட்டாளத்து ரெக்கார்டுல எழுதி வெச்சிகீறாங்க. அவ பேருதான் அதுல இல்ல. நான் செத்துப் பூட்டா, அவளப் பாத்து நீ யாருன்னு கேப்பாங்க.”

அவர் பெயரைச் சேர்க்கும் விண்ணப்பத்துக்கு இருவரும் சேர்ந்திருக்கும் படம் தேவை. அவர்களிடம் இல்லை. படமெடுக்க அவர்கள் ஊரான மானாம்பதிக்கே போய், நாற்று நட்டுக்கொண்டிருந்த மனைவியை வரப்பில் அவரோடு நிறுத்தினேன்.

“இன்னாயா, என்னயும் பட்டாளத்துல சேக்கறியா?” என்று அந்த அம்மா சிரித்தார்.

அவர் மனைவியின் கன்னத்துச் சேற்றைத் துடைத்துவிட்டு, மறுபடி விறைப்பாக நின்றார்.

போரில் அவர் என்ன பார்த்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த அம்மா சொன்ன கல்யாணத் தேதியை எழுதி, விண்ணப்பத்தை அன்று மாலையே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.