கிண்ணியாவில் கொட்டிய ஜிஞ்சர் பியர்

ஞாயிற்றுக்கிழமை காலை 9.10க்குத் திருகோணமலையில் கிண்ணியாப் பேருந்தில் ஏறினேன். ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். கட்டணம் நூறு ரூபாய். சீனக்குடாவரை துறைமுகத்து நீர் இடையிடையே தெரிந்தது. பின்னர் நீண்ட பாலம், கீழே மீன்பிடி வள்ளங்கள்.

இறங்கிய இடத்தில் நசீர் காத்து நின்றார். வவுனியாவில் என்னோடு வேலை செய்தவர். அவருடைய மனைவி ரகுமா வீட்டில் போடும் ஜிஞ்சர் பியரைக் குடித்துப் பார்க்கவே போனேன். இஞ்சி, சீனி, தேசிக்காய், ஒரு சிட்டிகை ஈஸ்ட். போத்தலில் ஓர் இரவு நுரைக்கவிட்டு உடனே குளிரில் வைத்துவிட வேண்டும். வெளியே கிடந்தால் மதுவாகத் தொடங்கும். அதன்பின் அந்த வீட்டில் அது ஹராம்.

அன்று நண்பகல் அவர்களுடைய மகளின் கல்யாணத்துக்கு நாள் குறிக்க மூதூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்தனர். மாப்பிள்ளையின் தாய் எங்கோ இதைக் குடித்துவிட்டு, தங்களுக்கும் இதுவே வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

11.30க்குக் குசினியிலிருந்து ரகுமாவின் குரல் வந்தது.

"இஞ்ச வாங்க! போத்தலெல்லாம் ஏன் அடுப்படியில அரிசிச் சாக்குக்குப் பின்னால கிடக்கு?"

"பிறிஜ்ஜில வாறவங்களுக்குச் செஞ்ச வட்டிலப்பத் தட்டு வைக்க இடமில்ல. நேத்துக் காலையில நான்தான் வெளிய எடுத்தனான்," என்றார் நசீர்.

ரகுமா ஒரு போத்தலைத் திறந்தார். தக்கை பறந்து கூரையில் பட்டது. முகர்ந்ததும் முகம் மாறியது.

"ஏலாது. கொட்டணும்."

"ஆருக்குப் புள்ள தெரியப்போகுது? கொஞ்சம் தேசிக்காய் பிழிஞ்சா..."

"எனக்குத் தெரியுமே. மகள்ட வாழ்க்கைய இதுலயா தொடங்குற?"

மூவருமாக எல்லாப் போத்தல்களையும் வாழையடியில் கொட்டினோம். கடைசிப் போத்தல் கையிலிருக்கும்போதே வாசலில் மூதூர்க்காரரின் வான் வந்து நின்றது.

"என்ன மதினி, முற்றமெல்லாம் இஞ்சி மணக்குது?" என்று கேட்டபடி மாப்பிள்ளையின் தாய் இறங்கினார்.

ரகுமா எதையும் மறைக்கவில்லை. "வெளிய வச்சுப் பழுதாக்கிட்டம். குடிக்கக் குடுக்க ஏலாது. இப்ப இஞ்சி போட்ட பிளேன்டீதான் இருக்கு."

நசீர் நிலத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் தகப்பன் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா வாழையடியில் அடங்கிக்கொண்டிருந்த நுரையையும் தலைகுனிந்த நசீரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தேத்தண்ணிய ஊத்துங்க. நாள இண்டைக்கே குறிப்பம். கல்யாணத்துக்கு இந்த ஜிஞ்சர் பியரத்தான் போடணும். ஆனா பிறிஜ்ஜிட பக்கம் மச்சான விடாதீங்க!"

நசீர்தான் முதலில் சிரித்தார்.

மாலை 3.20 பேருந்தில் திரும்பினேன். தேடிப்போன பானத்தின் சுவையைப் பற்றி எழுத என்னிடம் எதுவுமில்லை. எங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால், கடைச் சோடாவை வாங்கி வைத்துவிட்டு வேறு கதை கதைத்திருப்போம்.