ஆறு பீரங்கியும் நானும்

என் மகன் அட்டையில் போர் நடத்துகிறவன். பாரோயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எப்போது பார்த்தாலும் ஒரு பாலைவனம் விரிந்து கிடக்கும். எதிரே ஆட ஆள் இல்லாத நாளில் என்னை உட்கார வைப்பான். நானும் திட்டிக்கொண்டே பகடை உருட்டப் பழகிவிட்டேன்.

போன வருடம் லோபாக்கில், ஒரு கடை மாடியில் போட்டி. கோலாலம்பூரிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். இவனோடு ஜோடி சேர வேண்டியவனுக்குக் காய்ச்சல். "மா, நீங்க வந்து உக்காருங்க. வேற வழி இல்லலா" என்றான். அழைத்த அழகைப் பாருங்கள். சேலை மாற்றிக்கொண்டு போனேன்.

அங்கே எல்லாரிடமும், "எங்கம்மா. லிங்கி பக்கம் எஸ்டேட் ஆபிஸ்ல கிராணியா இருந்தாங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. நான் இருபத்தெட்டு வருடம் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவள். கிராணி உட்கார்ந்து கணக்கெழுதும் ஆபிஸ் நாற்காலி எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. நாலு பேர் முன்னால் பெற்ற பிள்ளையைப் பொய்யனாக்க மனம் வராமல் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஜெயிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அன்றைய ஆட்டம், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் உண்மையாகவே நடந்த சண்டை. ஆங்கிலேயப் படை பெரிய தாக்குதலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. தயாராகி முடிப்பதற்குள் முந்திக்கொண்டு அடித்துக் கலைத்துவிட வேண்டும் என்று ஜெர்மன் டாங்கிகள் புறப்பட்டு வந்தன. அந்த இளைஞர்களுக்கு ஜெர்மன் பக்கம். நாங்கள் காத்து நிற்கிற பக்கம். என் பொறுப்பில் ஆறு பீரங்கிகள், கவிழ்த்து வைத்த ஆறு அட்டைகளாக. சுட்டால் அட்டையைத் திருப்ப வேண்டும், இருக்கும் இடம் தெரிந்துவிடும். தூரத்தில் சுட்டால் பெரும்பாலும் படாது.

டாங்கிகள் குன்றைத் தாண்டி வந்தன. "சுடுங்கம்மா" என்றான் மகன். நான் சுடவில்லை. இன்னும் நெருங்கின. "மா, போச்சுமா" என்று என் முழங்கையை இடித்தான். எதிரே இருந்தவன் சிரித்தான்.

மரப்பட்டையை வெட்டிவிட்டால் பால் மங்குக் கிண்ணத்தில் இறங்கும்வரை தொடக்கூடாது. வானம் கறுக்கும், பக்கத்து நிரை மரங்களை வெட்டுகிறவள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அவசரப்பட்டு எடுத்தால் அரை மங்குதான். நான் மேகத்தைப் பார்ப்பேன், காற்றைப் பார்ப்பேன், நிற்பேன். இரண்டு தடவை மழை என்னை ஏமாற்றி எல்லாப் பாலையும் கொண்டுபோயிருக்கிறது, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மற்ற நாளெல்லாம் என் வாளிதான் நிறைந்தது.

கடைசி டாங்கியும் பள்ளத்தில் இறங்கிய பிறகு ஆறு அட்டைகளையும் ஒன்றாகத் திருப்பினேன். பகடையும் கைகொடுத்தது. இரண்டு சுற்றில் பாதி டாங்கிகள் போயின. மூன்றாவதில் அவர்கள் பின்வாங்கினார்கள். உண்மைப் போரிலும் அந்தத் தாக்குதல் இப்படித்தான் தோற்றதாம், பீரங்கிக்காரர்கள் கிட்டே வரும்வரை மூச்சுக்காட்டவில்லையாம். காத்திருக்கத் தெரிந்த நல்ல பிள்ளைகள்.

சிரித்தவன் கை கொடுத்தான். "ஆன்ட்டி, ஆபிஸ் வேலையில இவ்ளோ பொறுமை வருமா?"

மகன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"ஆபிஸ் இல்லடா. எங்கம்மா பால்மரம் வெட்டுனவங்க. நான்தான் பொய் சொன்னேன்."

பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவன் வாயால் அதை நான் கேட்டதே இல்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டுவாங்க?" என்று கை கொடுத்தவன் மகனைக் கேட்டான்.

மகனுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தான்.

"ஐந்நூறு" என்றேன், மாடி முழுக்கக் கேட்கும்படி.