மகள் கற்றுவந்த சொல்

புலம்பெயர்ந்து வந்த புதிதில் வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்தது ஓர் ஆர்மேனிய அம்மாவின் வீட்டு பேஸ்மென்டில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கணவர் விடியவே வேலைக்குப் போய்விடுவார். நானும் இரண்டு வயது மகளும் பகல் முழுக்கக் கீழே இருப்போம். வீட்டுக்கார அம்மா மேலே தனியாக இருந்தார். அவருடைய கணவர் நாங்கள் வருவதற்கு முந்தின வருடம் இறந்துபோயிருந்தார்.

மகள் அப்போதுதான் பேசப் பழகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ‘கலம்திராஷ்’ என்றாள். குழந்தை உளறல் என்று விட்டுவிட்டேன். ஆனால் ரொட்டியை ‘ஒட்டி’ என்கிறவள், இந்தச் சொல்லை மட்டும் எத்தனை தரம் சொன்னாலும் பிசகில்லாமல் சொன்னாள்.

“ரீவியில கேட்டிருப்பாள்” என்றார் கணவர்.

“எங்களிட்ட ரீவி எங்க இருக்கு?” என்றேன்.

ஒரு முற்பகல், அந்த அம்மா உடுப்புக் கூடையோடு கீழே வந்தார். சலவை மெஷின் எங்கள் பக்கத்தில்தான் இருந்தது. மகள் அவரை நிமிர்ந்து பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னாள். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“இதை யார் சொல்லிக் கொடுத்தது?” என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

தெரியாது என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். முற்காலத்தில் ஏடு எழுதுகிறவர்கள் நாணல் பேனாவைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்தியாம். பாரசீகத்திலிருந்து வந்து, அவருடைய கணவரின் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொண்ட சொல்.

“என் பிள்ளைகளுக்கே இது தெரியாது. அவர் மட்டும் பென்சில் சீவுகிற கத்தியை அப்படிச் சொல்வார். அவர் போன பிறகு நான் இதை வாயில் எடுக்கவேயில்லை.”

“குஞ்சு, ஆர் உனக்குச் சொன்னது?” என்று மகளைக் கேட்டேன்.

“அங்க” என்று வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இருந்த அறைக் கதவைக் காட்டினாள்.

இறந்தவரின் வேலை மேசை முன்பு அந்த அறையில்தான் இருந்ததாம். அம்மா கதவைத் திறந்தார். ஃபேர்னஸும் சுடுதண்ணீர்த் தாங்கியும் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. அவர் தன் பாஷையில் மெதுவாக ஏதோ கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர்போல நின்றார். சப்பாத்துக்கூடப் போடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் ஓடினேன்.

அதன்பிறகு அவர் பின்னேரங்களில் இனிப்போடு வருவார். “ஒருதரம் சொல்லு” என்று பிள்ளையைக் கெஞ்சுவார். அவளோ புதிதாகப் பேசப் பேச, அந்தச் சொல்லை மறந்துவிட்டாள். அவர் கேட்டால் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பயம் போய், எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.

“நீயாவது சொல்லேன்” என்றார் ஒருநாள்.

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“இல்லை” என்றார். “பிள்ளை சொன்னபோது அவருடைய இழுவை இருந்தது.”

பனி கரைந்ததும் நாங்கள் ஓர் அப்பார்ட்மென்டுக்கு மாறினோம். அவர் பிள்ளையைக் கெஞ்சுவதை இனிப் பார்க்கமுடியாது என்பதைச் சொல்லாமல், கீழே ஈரம் என்று கணவருக்குக் காரணம் சொன்னேன். சாமான்களை ஏற்றும்போது, இனி அங்கே ஒருவரையும் வாடகைக்கு வைக்கப்போவதில்லை என்றார் அந்த அம்மா. தான் உட்காரும் கதிரையை அவர் ஏற்கெனவே கீழே கொண்டுவந்து ஃபேர்னஸ் அறைக் கதவருகே போட்டிருந்தார்.