கிளியனூரில் கம்பம் இல்லாத நிழல்

கிளியனூர்ப் பக்கம் படம் வரையப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஓவியக் குழுவின் தலைவர் சபாபதியும் இந்தப் பயணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் என் பெயர் இல்லை. ஆகவே என் தரப்பும் இருக்கட்டும்.

எண்பத்தாறாம் ஆண்டு, பொங்கல் கழிந்த வாரம். மூன்று நாள் விடுமுறையில் எட்டுப் பேர் புறப்பட்டோம். அங்கே வரைந்ததில் ஆளுக்கொரு படம் ஆண்டுக் கண்காட்சியில் வைப்பதாகப் பேச்சு. முந்தைய மூன்று கண்காட்சிகளிலும் என் படத்தைச் சபாபதி தள்ளியிருந்தார். பள்ளியில் வரலாறு நடத்துகிற எனக்கு வயது நாற்பத்தெட்டு. இந்த முறையும் இல்லையென்றால் இனி எப்போது என்ற எண்ணத்தோடுதான் கித்தானைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சென்னையிலிருந்து திண்டிவனம் நூற்றிருபது கிலோமீட்டர். ஆறு மணிப் பேருந்தில் மூன்று மணி நேரம், பன்னிரண்டு ரூபாய். பேருந்து நிலைய வாசலில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டிவரும். அங்கிருந்து புதுச்சேரி சாலையில் பதினாறு கிலோமீட்டர். படம் வரைய நாங்கள் கொண்டுபோன மூன்றுகால் சட்டங்களைப் பார்த்த நடத்துநர், "இன்னா சார், ஊரையே போட்டா புடிக்கப் போறீங்களா? ஜல்தியா ஏறுங்க. அது மேல எவனாவது வுழுந்தா எனக்குத்தான் பேஜாரு" என்றார்.

சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஏழுமலை என்ற விவசாயியின் வீடும் நிலமும். அவர் வீட்டு மாடியறையில் தங்கினோம். சாப்பாட்டோடு ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து ரூபாய். அவர் மனைவி அஞ்சலை போட்ட கேப்பைக் களிக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் அது கொள்ளை மலிவு. (சபாபதி ரொட்டி கொண்டுவந்திருந்தார்.)

முதல் நாளே சபாபதி விதி போட்டார். "கம்பம், கம்பி, மோட்டார் எதுவும் படத்தில் வரக் கூடாது. நாம் கிராமத்தை வரைய வந்திருக்கிறோம்." நிலத்தின் நட்டநடுவே ஒரு மின்கம்பம் நின்றது. ஏழு பேர் கண்ணுக்கும் அது மறைந்துபோனது. நான் அதைத்தான் முதலில் வரைந்தேன். இருப்பதை இல்லையென்று சொல்ல வரலாற்றில் ஏற்கெனவே ஆட்கள் அதிகம்.

மறுநாள் சாயங்காலம் எல்லாப் படங்களையும் மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்த்துவைத்தோம். ஏழுமலை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நம்ப கொல்லதான். ஆனா கம்பத்த காணோமே சார்?"

"அது அழகைக் கெடுக்குதுப்பா. எடுத்துட்டோம்" என்றார் சபாபதி.

"எடுத்துட்டீங்களா? அது வர்றதுக்கு நாலு வருசம் நாயா அலைஞ்சேன். ஒரே நாள்ல புடுங்கிட்டீங்களே!"

சபாபதியின் படத்தருகே குனிந்த அஞ்சலை, "இங்க வந்து பாருய்யா! சாரு கம்பத்ததான் புடுங்கிக்கீறாரு, நெழல வுட்டுட்டாரு" என்றார்.

உண்மைதான். மல்லாட்டைச் செடிகளின் மேல் குறுக்காக, நீளமாக, அழகாகவே விழுந்திருந்தது நிழல்.

"அது மரத்தோட நிழல்மா."

"எந்த மரம் சார்? எங்க கொல்லையில மரமே கெடையாதே!"

எல்லோரும் சிரித்தார்கள். உரக்கச் சிரித்தது நான். அந்த நிழலை நான்கு மணிக்கே பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளாக என் படங்களில் குறை கண்டவருக்கு அவர் குறையை எடுத்துச் சொல்ல எனக்கென்ன வந்தது?

ஊர் திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் சபாபதி தனியாக வந்தார். "அந்தக் கம்பத்தை மட்டும் மூடிடுங்க. ஒரு சாண் நீலம் போதும். இந்த வருஷம் உங்க படம் நிச்சயம்."

ஒரு சாண்தான். ஒரு நிமிட வேலை. மூன்று வருட ஏக்கம் தீர்ந்திருக்கும்.

"நீங்க முதல்ல உங்க நிழலை மூடுங்க சார்" என்றேன்.

கண்காட்சிக்குப் பார்வையாளனாகப் போனேன். ஏழு படங்கள் இருந்தன. சபாபதியின் படத்தில், நிழலின் அடியில் புதிதாக ஒரு பனைமரம் முளைத்திருந்தது. என் படம் என் வீட்டுக் கூடத்தில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருக்கிறது.

போகிறவர்கள் தை, மாசியில் போங்கள். மூன்று மணிக்குமேல் வெளிச்சம் நன்றாக விழும். தொப்பி அவசியம். மோட்டார் ஓடும் நேரத்தில் தொட்டியிலேயே குளித்துக்கொள்ளலாம். சபாபதியின் படத்தை நம்பிப் பனைமரத்தைத் தேடாதீர்கள், வழி தவறிவிடும். சாலையில் இறங்கி, தலைக்கு மேலே போகிற கம்பியைப் பார்த்தபடி நடங்கள். அது முடிகிற இடத்தில் கம்பம் நிற்கும்.